பென் நெவிஸுக்குப் பெரிய மாமா ஏறலாமா? குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

கல்லடிச் சின்னம்மா: அனைவருக்கும் வணக்கம். அண்ணன் வருகிற சனிக்கிழமை பிள்ளைகளோடு ஸ்கொட்லாந்தில் பென் நெவிஸ் மலையில் ஏறப்போவதாகச் சுபா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு உறக்கமில்லை. குகன் மகன், நீங்கள் அந்த மலைகளில் நடக்கிறவர். சித்திரை மாதத்தில் அங்கே காலநிலை எப்படி இருக்கும் என்று விளக்கமாக எழுதுங்கள்.

பெரிய மாமா: தங்கச்சி, வீணாகக் கவலைப்படாதே. அதன் உயரம் 1,345 மீட்டர்தான். நான் வெறுங்காலோடு ஏறிய சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். கிளாஸ்கோவில் நேற்று நல்ல வெயில். பேரன் அரைக்கைச் சட்டையோடு வெளியில் விளையாடினான்.

ரவி, அக்கரைப்பற்று: வெறுங்கால் கதை திரும்பவும் வந்துவிட்டது.

குகன் அண்ணா, இன்வர்னஸ்: மாமா, அந்த மலையை உயரத்தை மட்டும் வைத்து மதிக்க வேண்டாம். சிவனொளிபாதமலை நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. பென் நெவிஸ் ஏறக்குறைய ஐம்பத்தேழு பாகையில், அத்திலாந்திக்கிலிருந்து வரும் காற்றுக்கு நேர் முகம் கொடுத்து நிற்கிறது. சிவனொளிபாதமலை ஏற்றம் தொடங்கும் நல்லதண்ணி என்ற ஊரில் முதற்படியில் கால் வைக்கும்போதே நீங்கள் ஆயிரம் மீட்டருக்கு மேலே நிற்கிறீர்கள். இங்கே கடல்மட்டத்திலிருந்து சற்றே உயர்ந்த பள்ளத்தாக்கில் தொடங்கி, முழு மலையையும் காலால் ஏற வேண்டும். போய்வர ஏழு முதல் ஒன்பது மணித்தியாலம் எடுக்கும்.

ஏப்ரலில் மலையடியில் உள்ள போர்ட் வில்லியத்தில் பகலில் 12 பாகை செல்சியஸ் இருந்தால், ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை குறையும் என்று நீங்கள் எங்களுக்குப் படிப்பித்த கணக்கின்படி உச்சியில் 3 பாகைதான் இருக்கும். அதோடு மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றும் வீசினால் உடம்புக்கு அது மறை 5 பாகை போலத் தெரியும். வசந்தம் பள்ளத்தாக்குக்குத்தான் வந்திருக்கிறது. மேலே இன்னும் குளிர்காலம்.

சின்னம்மா: மறை 5 என்பதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

ரவி: ஐஸ் பெட்டிக்குள் இருப்பது போல என்று சொல்லுங்கள் அம்மா.

சுபா: அப்பாவுக்குத் தடித்த ஜக்கெட் வாங்கிவிட்டோம், மச்சான். சப்பாத்தும் புதிது.

குகன் அண்ணா: நல்லது சுபா, ஆனால் உடுப்பு மட்டும் போதாது. பாதையின் மேற்பகுதியில் மே மாதத்திலும் வெண்பனி கிடப்பது வழமை. இரவில் உறைந்த பனி காலையில் கல்லாக இறுகியிருக்கும். சப்பாத்தில் பூட்டும் இரும்பு முட்களும் பனிக்கோடரியும் இல்லாமல், அவற்றைக் கையாளப் பழகாமல், அதில் கால் வைக்கக் கூடாது. பிற்பகல் வெயிலில் அதே பனி இளகி, முழங்கால்வரை புதையும். வடக்கிலிருந்து காற்றுத் திரும்பினால், கீழே வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஆலங்கட்டியும் பனியும் கொட்டும். அங்கே குடை எதற்கும் உதவாது.

பெரிய மாமா: பாதை இருக்கிறதே, மருமகன். எத்தனையோ பேர் போய்வருகிறார்கள்.

குகன் அண்ணா: கோடையில் போகிறவர்கள்தான் அதிகம், மாமா. ஏப்ரலில் முகில் இறங்கிவிட்டால் நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகி, ஏற்றம் எது இறக்கம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. வழி காட்டும் கற்குவியல்களும் பனியால் மூடப்பட்டிருக்கலாம். அப்போது உச்சித் தூணிலிருந்து திசைகாட்டியில் 231 பாகை பிடித்து 150 மீட்டர் நடந்து, அதன்பின் 282 பாகைக்குத் திரும்ப வேண்டும். வடக்கே விலகினால் செங்குத்துப் பாறை. அதன் விளிம்பைத் தாண்டிப் பனி திண்ணைபோல் வெளியே நீண்டு நிற்கும். ஏறி நின்றால் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. தெற்கே விலகினால் ஃபைவ் ஃபிங்கர் கலி என்ற சரிவு. அந்த இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

சின்னம்மா: அம்மா காற்றைப் பற்றிக் கேட்கிறா. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியில் எங்கள் கூரை போனதை அவ இன்னும் மறக்கவில்லை.

குகன் அண்ணா: அம்மம்மா கேட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. காற்றின் வேகம் இரட்டித்தால், அது ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற மலை வானிலைச் சேவை, நாட்டின் வானிலை அறிக்கையைவிட இந்த விடயத்தில் பயனுள்ளது. உச்சியில் எவ்வளவு காற்று, அது நடப்பவரை என்ன செய்யும், வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கும் உறைநிலை எத்தனை மீட்டரில் இருக்கும், உச்சி முகிலில்லாமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று தனித்தனியாகச் சொல்லும். போர்ட் வில்லியத்துக்கான சாதாரண அறிக்கையைப் பார்த்து மலை ஏற முடிவெடுக்கக் கூடாது.

ரவி: கோமாரி வயலை விற்கும்போதும் மாமாவுக்கு இப்படித்தான் எல்லாரும் விளக்கம் சொன்னார்கள்.

சின்னம்மா: ரவி, வயல் கதையை இங்கே எடுக்க வேண்டாம்.

பெரிய மாமா: எடுக்கட்டும், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் நான் அங்கே படம் எடுத்து அனுப்பப் போகவில்லை என்பதை எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டும். 1883 முதல் 1904 வரை அந்த உச்சியில் ஒரு வானிலை அவதான நிலையம் இருந்தது; பனியிலும் புயலிலும் மனிதர்கள் அங்கேயே தங்கி மணிக்கு மணி அளவெடுத்தார்கள். 1894 செப்டெம்பரில் அங்கே பணியாற்றிய சி.டி.ஆர். வில்சன், முகிலில் விழுந்த நிழலைச் சுற்றி நிறவளையங்களைக் கண்டார். அதை ஆய்வுகூடத்தில் உண்டாக்க முயன்றதில்தான், கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தை முகில்கோடாகக் காட்டும் முகிலறை என்ற கருவி பிறந்தது. 1927 இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓய்வு பெறும்வரை திருக்கோவில் ஊரில் அந்தப் பாடத்தைப் படிப்பித்தவன் நான். அந்த நிலையத்தின் சுவர்களை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

சுபா: அப்பா இதை எங்களிடம் சொல்லவே இல்லை.

குகன் அண்ணா: மாமா, இது எனக்கும் தெரியாது. உங்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இடிபாடுகள் இப்போது பெரும்பாலும் பனிக்குள் இருக்கும். ஜூலையிலோ ஓகஸ்டிலோ நானே கூட்டிப்போகிறேன்.

பெரிய மாமா: விசா மே மாதத்தோடு முடிகிறது.

குகன் அண்ணா: அப்படியென்றால் சனிக்கிழமை பாதிவழிக் குளம்வரை போவோம். அது 570 மீட்டரில் இருக்கிறது. அதுவரை பாதை தெளிவானது. வழமையாக இந்த மாதத்தில் பனி அதற்கு மேலேதான் இருக்கும். பாதையில் பனி கண்டாலோ, நேரே நிற்க முடியாத காற்று வந்தாலோ, ஒருவரும் விவாதிக்காமல் திரும்ப வேண்டும். வழி தவறினால் 999 அழைத்து, முதலில் பொலிஸையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

சின்னம்மா: அம்மா குளம்வரை சம்மதம் என்கிறா. அண்ணனின் முழங்காலை நினைத்தால் எனக்கு அதுவும் சம்மதமில்லை.

பெரிய மாமா: குளத்தோடு திரும்புவதாக நான் இன்னும் சொல்லவில்லை. வெள்ளி மாலை அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ரவி: உறைநிலை 1,345 மீட்டருக்கு மேலே போனால் மாமாவுக்கு வெற்றி.

குகன் அண்ணா: அப்படிக் கணக்கில்லை ரவி. உச்சியில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே இருந்தாலும், முன்பே விழுந்த பனி ஒரே நாளில் உருகிவிடாது. நான் வெள்ளி இரவு அறிக்கையை இங்கே போடுகிறேன். அதுவரை யாரும் மாமாவை நெருக்க வேண்டாம்.

சுபா: வான் வண்டிக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது, மச்சான். உங்களுக்கும் ஒரு இடம் வைக்கட்டுமா? பதில் இன்றைக்கே வேண்டும்.