நீள ஹோல்ஸ்டர் குத்துமாம்! பிளேனோ பாலாவுக்கு ஒரு மறுப்பு

கேட்டி குமரேசன்:
பக்கத்து இழையில் பிளேனோ பாலா எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் தனி இழை. துப்பாக்கியைச் செருகி வைக்கும் உறையான ஹோல்ஸ்டரைப் பற்றி அவர் சொன்னது இதுதான்: "மறைத்து எடுத்துப்போக வேண்டுமா? சின்னத் துப்பாக்கி, குட்டை ஹோல்ஸ்டர். அதுதான் சொகுசு. நீள ஹோல்ஸ்டர் வாங்குகிறவர்கள் உட்கார்ந்ததும் தொடையிடுக்கில் குத்துகிறது என்று அழுவார்கள்."

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, வேறு சட்டத் தடை இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப்போகலாம். அன்றிலிருந்து இங்கே புதிதாக வந்து கேட்கிறவர்களுக்கு இந்த மாதிரி அரைகுறை ஆலோசனைதான் கிடைக்கிறது. வாங்குவது, உறுத்துவது, அலமாரியில் போடுவது, அடுத்ததை வாங்குவது. காசு யாருடையது?

அப்பெண்டிக்ஸ் கேரியைப் பற்றித்தான் பேசுகிறேன். அதாவது முன்பக்கம், பேண்ட்டுக்கு உள்ளே. துப்பாக்கியின் பிடி, மேகசின், அதிலுள்ள குண்டுகள் எல்லாம் பெல்ட்டுக்கு மேலே நிற்கின்றன. கீழே மூன்று அங்குலம் மட்டும் இருந்தால் மேல்பாரம் வெளியே சாயும், பிடி சட்டையில் துருத்தும். ஆழமாக ஊன்றாத பந்தக்கால் காற்றுக்குச் சாய்கிறதே, அதே கதைதான். ஹோல்ஸ்டர் நீளமாக இருந்தால் கீழ்ப்பகுதி உடம்பில் அழுந்தி மேலே இருக்கும் பிடியை வயிற்றோடு சேர்த்துவிடும். என் க்ளாக் 19 துப்பாக்கிக்கு நான் போடுவது அதைவிட நீளமான க்ளாக் 34 துப்பாக்கியின் அளவு ஹோல்ஸ்டர். முதலாவதன் குழல் 4 அங்குலம், இரண்டாவதன் குழல் 5.3 அங்குலம். அந்த மிச்ச நீளம் வெறும் காலிக் கூடு. அதுதான் சொகுசே. நீளம்தான் வசதி. இதைப் புரிந்துகொள்ள ஐ.ஐ.டி. போக வேண்டாம்.

பிளேனோ பாலா:
பேராசிரியர் பந்தக்கால் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் 24 மணி நேரமும் நின்றுகொண்டே வாழ்கிறீர்களா? நான் உட்கார்ந்து பிழைக்கிறவன். சிக் பி365 என்ற சின்னத் துப்பாக்கி வைத்திருக்கிறேன். 3.1 அங்குலக் குழல், காலியாக எடைபோட்டால் அரைக் கிலோ. உட்கார்ந்தால் எழுந்தால் இருப்பதே தெரியாது. உங்கள் க்ளாக் 19 காலி மேகசினோடு 670 கிராம் சொச்சம், 15 குண்டும் போட்டால் முக்கால் கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் காலிக் கூடு வேறு. குத்தும். நீளமானது குத்தும். தொடை மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் முனை இருந்தால் குத்தாமல் தடவிக்கொடுக்குமா?

தோல்பட்டை தங்கராசு:
இரண்டு பேரும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடித்துக்கொள்கிறீர்கள். சிரிப்பு வருகிறது. நல்ல மாட்டுத்தோல், வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில், 15 டிகிரி முன்சாய்வு. மேலே ஒரு சட்டை. ஹூஸ்டன் ஆகஸ்ட் புழுக்கத்தில் கைடெக்ஸ் என்கிற அந்தப் பிளாஸ்டிக் உடம்பில் ஒட்டி எடுக்கும் எடுப்பு உங்களுக்குத் தெரியாதா, இல்லை சொல்ல வெட்கமா? தோல் உடம்போடு பழகும். கைடெக்ஸ் என்றைக்கும் பழகாது.

கேட்டி குமரேசன்:
தங்கராசு அண்ணே, உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. இந்தியன் ஸ்டோரில் கீழ்த்தட்டில் இருக்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையை எடுக்கக் குனிகிறீர்கள். நாலு மணியில் இருக்கும் துப்பாக்கியின் பிடி என்ன ஆகும்? சட்டை முதுகில் இறுகி, பிடியின் அச்சு அப்படியே தெரியும். பின்னால் வண்டி தள்ளி வருகிற மாமிக்கு உங்கள் ஜாதகமே தெரிந்துவிடும். அப்புறம் பழைய தோலின் வாய் தளர்ந்தால் என்ன ஆகும் தெரியும்தானே? திரும்பச் செருகும்போது மடிந்த தோல் டிரிகருக்குள், அதாவது சுடும் விசைக்குள், நுழைந்தால் வெடிக்கும். பழகுகிறதாம்!

பாலாவுக்கு: குத்துகிறது என்றால் ஹோல்ஸ்டரை எந்த உயரத்தில் மாட்டினீர்கள்? வெட்ஜ் வைத்தீர்களா? ஹோல்ஸ்டரின் கீழ்முனைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்ச் ஆப்பு வைத்தால் முனை உடம்பை விட்டு விலகும், பிடி உள்ளே சாயும். க்ளா என்று பெல்ட்டுக்குள் இடிக்கும் சின்னச் சிறகு ஒன்று இருக்கிறது, அது பிடியைத் திருப்பி வயிற்றோடு அழுத்தும். இவை எதுவும் இல்லாமல் விலை மலிவு என்று எதையோ வாங்கிச் செருகிக்கொண்டு "நீளம் குத்துகிறது" என்றால் நீளம் என்ன செய்யும், பாவம்? நீளம்தான் வசதி.

தோல்பட்டை தங்கராசு:
நல்ல ஹோல்ஸ்டரின் வாயில் தகடு வைத்துத் தைத்திருப்பார்கள் தம்பி, மடங்காது. நீ பார்த்தது மலிவுச் சரக்கு. குனிகிற முறையும் ஒன்று உண்டு. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். மூட்டை தூக்கவே தெரியாதவனுக்கு ஹோல்ஸ்டர் எதற்கு?

வேடிக்கை:
ஒரு சந்தேகம். "வசதி" என்று எதைச் சொல்கிறீர்கள்? நிற்கும்போதா, காரில் சீட் பெல்ட் போட்ட பிறகா, குனியும்போதா? ஒருவர் நிற்பதைப் பற்றியும் இன்னொருவர் உட்கார்வதைப் பற்றியும் பேசுவதுபோலத் தெரிகிறது.

பிளேனோ பாலா:
குத்தும். வெட்ஜ் வைத்தாலும் குத்தும். குத்துவதைச் சரிசெய்ய ஸ்பாஞ்ச், சாய்வதைச் சரிசெய்ய சிறகு, தொங்குவதைச் சரிசெய்ய 1.5 அங்குல விறைத்த பெல்ட். இத்தனை முட்டு கொடுத்தால் எதுவும் நிற்கும், உங்கள் பந்தக்கால் உட்பட.

கேட்டி குமரேசன்:
பெல்ட்டைக் கிண்டல் செய்தாயிற்றா? பி365ஐ எதில் மாட்டுகிறீர்கள், அரைஞாண் கயிற்றிலா? எந்தத் துப்பாக்கிக்கும் பெல்ட்தான் அஸ்திவாரம். போன வருஷம் 9 எம்.எம்., .45 என்ற குண்டு அளவுகளில் எது நல்லது என்ற சண்டையிலும் இப்படித்தான் நடுவில் நழுவி ஓடினீர்கள்.

பிளேனோ பாலா:
நழுவினேனா? அந்த இழையைப் பூட்டச் சொல்லி மட்டுறுத்துநரிடம் போனது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆஸ்டின் அகிலா:
ஆண்கள் தொப்பையைத் தாண்டிக் கொஞ்சம் யோசிக்கலாமா? பெண்களின் பேண்ட் பலவற்றில் ஒழுங்கான பெல்ட் லூப்பே கிடையாது. தங்கராசு சொல்லும் நாலு மணி எங்களுக்குச் சரிவராது. இடுப்பெலும்பு அகலம், அதனால் ஹோல்ஸ்டரின் கீழ்முனை வெளியே தள்ளப்பட்டு பிடி விலாவில் இடிக்கும். நான் போடுவது பெல்லி பேண்ட். வயிற்றைச் சுற்றும் எலாஸ்டிக் பட்டை, ஆனால் டிரிகர் பகுதிக்கு மட்டும் கடினமான கைடெக்ஸ் கூடு வைத்தது. வெறும் துணிப் பை வேண்டாம். டிரிகர் முழுவதும் மூடியிருக்க வேண்டும், துணிக்கு மேலே விரல் அழுத்தினால்கூட உள்ளே போகக்கூடாது.

இன்னொன்று. "பெண்களுக்குக் கைப்பைதான் வசதி" என்று போன வாரம் இங்கே ஒருவர் அருள்வாக்கு சொன்னார். 2014 டிசம்பர் 30, இடாஹோ மாநிலம் ஹேடன் ஊர் வால்மார்ட்டில் என்ன நடந்தது என்று அவர் படிக்கட்டும். துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப் அறை தைத்த கைப்பை அது. தள்ளுவண்டியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை கைவிட்டது, அம்மா அங்கேயே இறந்துபோனார். சொகுசு பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

கேட்டி குமரேசன்:
அகிலா சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பெல்லி பேண்டிலும் கைடெக்ஸ் கூடு கொஞ்சம் நீளமாக இருந்தால் பிடி இன்னும் நன்றாக ஒட்டும். முயன்று பாருங்கள்.

ஆஸ்டின் அகிலா:
நான் கைப்பையைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் அளவுகோலோடு வந்துவிட்டீர்கள்.

சிம்பிள் சிவா:
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? ட்ராக் பேண்ட்டில் அப்படியே செருகினால் முடிந்தது. ஊரில் ரவுடிகள் எல்லாம் ஹோல்ஸ்டரா போடுகிறார்கள்?

கேட்டி குமரேசன்:
சிவா, 2008 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் பிளாக்சிகோ பர்ரஸ் இதைத்தான் செய்தார். மன்ஹாட்டன் இரவு விடுதி, ட்ராக் பேண்ட், ஹோல்ஸ்டர் இல்லாத க்ளாக். துப்பாக்கி பேண்ட் காலுக்குள் நழுவியது, பிடிக்கப் போனார், சொந்தத் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அப்புறம் நியூயார்க் சட்டப்படி இரண்டு வருஷத் தண்டனை. சொகுசான பேண்ட்தான்.

சிம்பிள் சிவா:
அவர் நாடாவை இறுக்கிக் கட்டவில்லை.

தோல்பட்டை தங்கராசு:
இந்த ஆளை யாராவது இங்கிருந்து தூக்குங்கள்.

புதுமுகம் 22:
வணக்கம். நான் எச்1பி விசாவில் டல்லாஸ் வந்திருக்கிறேன். முதல் துப்பாக்கி வாங்கலாம் என்று இருக்கிறேன். குட்டை ஹோல்ஸ்டரா, நீளமா, எது நல்லது?

பிளேனோ பாலா:
குட்டை.

கேட்டி குமரேசன்:
நீளம்.

ஆஸ்டின் அகிலா:
கொஞ்சம் பொறுங்கள்! எச்1பியில் இருக்கிறவருக்கு ஹோல்ஸ்டர் ஆலோசனையா? குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதற்குக் கூட்டாட்சிச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. டெக்சாஸ் லைசென்ஸ் கேட்கவில்லை என்பதால் அந்தத் தடை போய்விடாது. கிரீன் கார்டு வந்தால் கதை வேறு. தம்பி, முதலில் வக்கீலைப் பாருங்கள்.

தோல்பட்டை தங்கராசு:
வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு. அதையும் சொல்லுங்கள் அம்மா. பாதியைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

ஆஸ்டின் அகிலா:
விலக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதை நம்பி ஒரு பையன் இடுப்பில் செருகிக்கொண்டு மாலுக்குப் போய் மாட்டினால் விசாவும் போகும், வேலையும் போகும். அப்போது நீங்கள் போய் ஜாமீன் எடுப்பீர்களா?

தோல்பட்டை தங்கராசு:
எடுப்பேன். என் பணம்.

கேட்டி குமரேசன்:
இழை திசைமாறுகிறது. தலைப்பு நீளம். சட்டத்துக்குத் தனி இழை இருக்கிறது. கோயிலில் 30.06 என்ற சட்டப்பிரிவு எண் போட்ட தடைப் பலகை வைத்திருந்தால் லைசென்ஸ் உள்ளவரும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது, 30.07 வெளியே தெரிய எடுத்துப்போவதற்கான பலகை, லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05. எல்லாம் அங்கே எழுதியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை.

சிம்பிள் சிவா:
வேட்டி கட்டினால் எங்கே செருகுவது?

பிளேனோ பாலா:
குமரேசன் சாரிடம் கேளுங்கள். கணுக்கால் வரை நீளமுள்ள ஹோல்ஸ்டர் ஒன்று சொல்வார்.

கேட்டி குமரேசன்:
நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. வேட்டிக்கு பெல்லி பேண்ட்தான், மேலே ஜிப்பா. பொங்கல் விழாவுக்கு வேட்டி மேல் இரண்டங்குல பச்சை பெல்ட் கட்டி, பாக்கெட் ஹோல்ஸ்டரை அந்தப் பெல்ட் பையில் திணித்துக்கொண்டு, பந்தி முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று சொல்லட்டுமா, பாலா? மறைத்து எடுத்துப்போவதன் முதல் பாடமே அதைத் தொடாமல் இருப்பது. இருப்பதே தெரியாத பி365 என்றால் எதற்கு அத்தனை தடவல்?

பிளேனோ பாலா:
அது என் சாவிக்கொத்து.

கேட்டி குமரேசன்:
சரி, சாவி.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பெண்டிக்ஸில் முழு நேரமும் குழல் முனை பார்ப்பது உங்கள் தொடையை, அதிலுள்ள பெரிய ரத்தக்குழாயை. திரும்பச் செருகும்போது சட்டையைத் தூக்கிப் பிடித்து, இடுப்பை முன்னால் தள்ளி, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருக வேண்டும். இதற்கும் நீளம் உதவும். ஹோல்ஸ்டர் சாயாமல் நிற்கும், வாய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். குட்டை ஹோல்ஸ்டர் பெல்ட்டில் ஆடும். ஆடுவது வசதியா? தோல் தளர்வது வசதியா? நீளம்தான் வசதி. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

தோல்பட்டை தங்கராசு:
தோல் தளராது. எத்தனை முறை சொல்வது?

பிளேனோ பாலா:
சவால். காரில் உட்காருங்கள். ஹூஸ்டனிலிருந்து டல்லாஸ், ஐ-45, 240 மைல். உங்கள் 34 அளவுக் கூட்டோடு, வழியில் ஒரு தடவைகூடக் கழற்றி டாஷ்போர்டில் வைக்காமல் ஓட்டி வாருங்கள். குத்தவில்லை என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

கேட்டி குமரேசன்:
அது எனக்கு வாடிக்கை. சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டையைப் பிடிக்குக் கீழே விட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் நான் ஏன் டல்லாஸ் வர வேண்டும்? நீங்கள் ஹூஸ்டன் பக்கம், கேட்டி ஊருக்கு வாருங்கள். குட்டையோடு.

பிளேனோ பாலா:
சொன்னேனே, பயம்.

கேட்டி குமரேசன்:
பயமா? நடுவில் சந்திக்கலாம். மேடிசன்வில் ஊரில் பக்கீஸ் பெட்ரோல் பங்க் கடை. நேரில் அளந்தே காட்டுகிறேன்.

பிளேனோ பாலா:
மேடிசன்வில் நடுவா? அது ஹூஸ்டன் பக்கம். எனக்குத்தான் தூரம் அதிகம். இதிலும் நீளத்தை எனக்குத் தள்ளிவிட்டு நீங்கள் குட்டையை எடுத்துக்கொள்கிறீர்கள்.

தோல்பட்டை தங்கராசு:
சென்டர்வில்தான் நடு. நான் வருகிறேன், தோலோடு.

கேட்டி குமரேசன்:
சென்டர்வில்லில் காபி நன்றாக இருக்காது. மேடிசன்வில் என்றால் வருகிறேன், இல்லையென்றால் பாலா தோற்றதாக எழுதிவிடுகிறேன்.

புதுமுகம் 22:
அப்போது நான் ஹோல்ஸ்டர் மட்டும் வாங்கி வைக்கலாமா?