அவசரம்: கனடாவுக்கு விமானத் தூரம், மூன்று தளத்தில் மூன்று கணக்கு!

குளக்கட்டு:
அண்ணாமார், கனடாவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? ஒரு தளத்தில் 14,000, இன்னொன்றில் 8,700, மற்றதில் 7,550. தங்கச்சியின் ஒப்படை, நாளைக் காலையில் கொடுக்க வேண்டும். எது சரி?

வவுனியா வாசி:
எங்கிருந்து? கனடாவில் எந்த ஊர்? வன்கூவர் வேறு, மொன்றியல் வேறு.

முறிகண்டியான்:
எந்த விமான நிலையம்? யாழ்ப்பாணத்துப் பலாலியா, கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்கவா?

குளக்கட்டு:
கட்டுநாயக்க – ரொறன்ரோ. கிளிநொச்சிச் சனம் வேறு எங்கே போகும்!

நெல்லுமூட்டை:
தளங்களை நம்பாதே. மாமா டுபாயிலிருந்து 14 மணித்தியாலம் பறந்தார். 900ஆல் பெருக்கு, 12,600. கொழும்பு – டுபாய் 3,300ஐக் கூட்டினால் 15,900 கி.மீ.

வட்டக்கச்சி:
அதே மாமா திரும்பி வரும்போது குறைந்த நேரத்தில் வந்திருப்பாரே, தூரம் சுருங்கிவிட்டதா? மேலே மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று அடிக்கிறது. போகும்போது எதிர்க்காற்று. நேரத்தை வைத்துத் தூரம் பிடிக்க முடியாது.

பழைய மாஸ்டர்:
அலகு எழுதாத எண்ணும் ஒரு எண்ணா தம்பி? 14,000 கிலோமீட்டர், 8,700 மைல், 7,550 கடல் மைல். மூன்றும் ஒரே தூரம். மைல் என்றால் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852. திரையில் தெரிவதை அப்படியே கொப்பியில் இறக்குகிற தலைமுறை, என்ன சொல்ல!

நெல்லுமூட்டை:
மாஸ்டர், கொழும்பு – லண்டன்தான் 8,700 கி.மீ. தளம் லண்டனைக் காட்டியிருக்கிறது.

வட்டக்கச்சி:
அதுவும் உண்மை, மாஸ்டர் சொன்னதும் உண்மை. எண் தற்செயலாக ஒத்துப்போகிறது. மாஸ்டரின் விடை சரி, வாய்தான் கொஞ்சம்...

வவுனியா வாசி:
தம்பி, இந்த 14,000 கி.மீ. பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ரூலரை வைத்தால் சகாராவுக்கு மேலால் போகும். அப்படிப் பறந்தால் 16,000 தாண்டும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார், வடக்கே ஏறி ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து இறங்கும். நேரடி விமானம் கிடையாது. ஆனால் டுபாயால் போனாலும் லண்டனால் போனாலும் 14,400 அளவில்தான். எனக்கே கணக்குப் பார்த்தபோது ஆச்சரியம்.

முறிகண்டியான்:
ஆகாயத்தை விடுங்கள், கட்டுநாயக்க போய்ச் சேருவதுதான் பாடு. புத்தளத்தால் போங்கள், சிலாபம், நீர்கொழும்பு என்று நேரே வாசலில் இறங்கலாம்.

நெல்லுமூட்டை:
புத்தளமா? இரவில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து விமானத்தைத் தவறவிடத்தான். தம்புள்ள, குருநாகல்தான் பாதை.

வட்டக்கச்சி:
பலாலியில் ஏறிச் சென்னையால் போகலாமே? 2019இல் திறந்தாயிற்று.

முறிகண்டியான்:
தனித்தனி டிக்கெட் எடுத்து, சென்னையில் பெட்டியை இறக்கி ஏற்றி... கிழவிகளைக் கூட்டிக்கொண்டு நீர் போம்.

குளக்கட்டு:
14,000 கி.மீ. என்று எழுதிப் படமும் கீறிவிட்டாள். நன்றி.

பழைய மாஸ்டர்:
கொழும்பிலிருந்தா, கட்டுநாயக்கவிலிருந்தா என்று எழுதினாளா?

நெல்லுமூட்டை:
குருநாகலில் சாப்பாட்டுக் கடையாவது இருக்கிறது. புத்தளத்தில் நள்ளிரவில் யார் திறந்து வைத்திருக்கிறான்?