கார் காலையில் எடுக்க மாட்டேங்குது, எந்த ஆயில் ஊற்றலாம்? அவசரம்

வடசேரிக்காரன்:
காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. நாகர்கோவிலில் போன சர்வீஸில்தான் ஆயில் மாற்றினேன். குளிருக்கு ஆயில் கெட்டியாகிவிட்டது என்கிறார்கள். எந்த கிரேடு ஊற்றலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

தக்கலை டீசல்:
என்ன கார்? பெட்ரோலா டீசலா? இப்போ உள்ளே இருக்கிற ஆயில் என்ன கிரேடு?

குளச்சல் காற்று:
நாகர்கோவிலில் ஆயில் கெட்டியாகிற குளிரா? மார்கழியிலும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறேன் மக்கா. நம்ம மாவட்டத்து மாறாமலை உச்சியில் ராத்திரி நிறுத்தினால்கூட அப்படி ஆகாது. பேட்டரி போயிருக்கும். மாற்று.

ஸ்பேனர் சாமி:
வண்டி, வருடம், எரிபொருள், ஊர், வெப்பநிலை. இவை இல்லாமல் ஆயில் கேட்டு வருகிறவர்களுக்கு நான் இனிமேல் பதில் எழுதுவதில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

வடசேரிக்காரன்:
ஊர்தான் வடசேரி. வேலை கார்கிலில், காரும் இங்கேதான் நிற்கிறது. ஸ்விஃப்ட் டீசல் 2017. ராத்திரி மைனஸ் 15 வரை போகிறது. பில்லில் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கிறார்கள். மேனுவல் ஊரில் வீட்டு அலமாரியில்.

குளச்சல் காற்று:
கார்கிலா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே.

ஸ்பேனர் சாமி:
சரி, பதில் எழுதுகிறேன். முன்னால் இருக்கிற எண் குளிருக்கு, பின்னால் இருப்பது சூடான இன்ஜினுக்கு. ஆயில் கிரேடுகளை வகுக்கிற எஸ்ஏஇ ஜே300 விதியில் 15டபிள்யூ ஆயிலை இன்ஜின் சுற்றுவதற்கான சோதனை செய்வது மைனஸ் 20 டிகிரியில். 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. ஆக, மைனஸ் 15-ல் உங்கள் ஆயில் விதிப்படி தேறும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. இன்னும் நாலைந்து டிகிரி இறங்கினால் செல்ஃப் திணறும். 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40, இரண்டில் மேனுவல் எதை அனுமதிக்கிறதோ அது. வீட்டில் யாரையாவது அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான மேனுவல்களில் வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடு அட்டவணை இருக்கும். படிப்பதற்காகத்தான் அச்சடிக்கிறார்கள்.

மார்த்தாண்டம் தேன்:
ஊட்டிக்குக் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடுமே, அதே கதைதான். 0டபிள்யூ-20 ஊற்று, தண்ணீர் மாதிரி ஓடும்.

ஸ்பேனர் சாமி:
20-ஐ யார் கேட்டார்கள்? குளிர் என்பதற்காகப் பின் எண்ணையும் குறைத்தால், இன்ஜின் சூடான பிறகு பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்துவிடும். 100 டிகிரியில் 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30 இரண்டுக்கும் ஒரே வரம்புதான், 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). முன் எண்ணை மட்டும் இறக்குங்கள், பின் எண்ணை மேனுவலுக்கு விடுங்கள்.

தக்கலை டீசல்:
தேங்காய் எண்ணெய் கதை இன்ஜின் ஆயிலைவிட டீசலுக்குத்தான் பொருந்தும். டீசலில் இருக்கிற மெழுகு குளிரில் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். அண்ணே, இரண்டு கேள்வி. செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா, இல்லை வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? மெதுவாகச் சுற்றினால் ஆயில் அல்லது பேட்டரி. வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் டீசல் அல்லது ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜினுக்குள் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக். டேங்க் எங்கே நிரப்பினீர்கள்? லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 வரை உறையாது. கீழே சமவெளியில் போட்ட டீசல் அப்படியில்லை.
அப்புறம், ரேடியேட்டரில் இருப்பது குளிரில் எளிதில் உறையாத கூலன்ட்டா, வெறும் தண்ணீரா? நம்ம ஊரில் பாதிப் பேர் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். அங்கே அது உறைந்தால் இன்ஜின் பிளாக்கே வெடித்துவிடும்.

வடசேரிக்காரன்:
மெதுவாகத்தான் சுற்றுகிறது. டேங்க் ஜம்முவில் நிரப்பியது, இன்னும் பாதி இருக்கிறது.

களியக்காவிளை லாரி:
டீசலில் மண்ணெண்ணெய் கலந்துவிடு தம்பி. அந்தக் காலத்தில் நாங்கள் டேங்குக்கு அடியில் ஸ்டவ் கொளுத்தி வைத்து லாரி எடுத்திருக்கிறோம்.

தக்கலை டீசல்:
அண்ணாச்சி, அது பழைய பம்பு. இது காமன் ரெயில், உயர் அழுத்தத்தில் டீசலைச் செலுத்துகிற பம்பு. பம்புக்கு வழவழப்பு கொடுப்பதே டீசல்தான், மண்ணெண்ணெய் கலந்தால் பம்பு தேய்ந்துபோகும். அடியில் ஸ்டவ்வா? டியூப் எல்லாம் ரப்பர், பிளாஸ்டிக்!

களியக்காவிளை லாரி:
நீ பிறப்பதற்கு முன்னால் நான் அந்த மலையில் ஓட்டியவன். ஒரு பம்பும் போகவில்லை.

குளச்சல் காற்று:
அண்ணாச்சி ஓட்டியது டீசலில், ஓடியது தைரியத்தில்.

மார்த்தாண்டம் தேன்:
ஒர்க்ஷாப்காரன் 15டபிள்யூ ஊற்றியதுதான் தப்பு. அவனைக் கேளுங்கள்.

ஸ்பேனர் சாமி:
நாகர்கோவில் வெயிலுக்கு அந்த ஆயிலில் ஒரு குறையும் இல்லை. வண்டி கார்கில் போகப்போகிறது என்று ஒர்க்ஷாப்பில் யாராவது சொன்னார்களா?

தக்கலை டீசல்:
பேட்டரியையும் பாருங்கள். மைனஸ் 18 வாக்கில் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ராத்திரி கழற்றி அறைக்குள் வையுங்கள். வண்டியைக் காலை வெயில் முகப்பில் விழுகிற மாதிரி நிறுத்துங்கள். கூலன்ட் பற்றிச் சொல்லவில்லையே?

வடசேரிக்காரன்:
எடுத்துவிட்டது. பேட்டரி உள்ளே வைத்தேன், மதியம் ஸ்டார்ட் பண்ணி இங்கே பங்கில் குளிர்கால டீசல் நிரப்பினேன். தம்பி மேனுவல் போட்டோ அனுப்பினான், அதன்படி 5டபிள்யூ-30 மாற்றியாச்சு. நன்றி. டியூட்டி இருக்கு.

ஸ்பேனர் சாமி:
மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்?

களியக்காவிளை லாரி:
எடுத்ததா இல்லையா, அதைப் பார்.

தக்கலை டீசல்:
அண்ணே, கூலன்ட்??

ஆரல்வாய்மொழி:
இழையைப் படித்தேன். எனக்கு ஊரில்தான் ஓட்டம், பழைய பெட்ரோல் வண்டி. 20டபிள்யூ-50 போடலாமா?

ஸ்பேனர் சாமி:
வண்டி, வருடம். புது இழை தொடங்குங்கள்.