கேம்பஸ் ஆஃபர் வாங்கியவர்கள், கொடுத்தவர்கள், காத்திருந்தவர்கள்: அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு, பிளேஸ்மென்ட் அலுவலர்

ஈரோடு பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் பிளேஸ்மென்ட் வேலை, அதாவது கம்பெனிகளை வரவழைத்து மாணவர்களுக்கு வேலை ஏற்பாடு செய்கிற வேலை, பார்க்கிறேன். ஆகஸ்ட் பிறந்தால் பெற்றோர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "சார், இந்த வருஷம் எந்தெந்தக் கம்பெனி வருதுங்க, எத்தனை லட்சம் குடுப்பாங்க?" என்பதுதான் முக்கால்வாசிப் பேருடைய கேள்வி. நடப்பது தெரியாமல் இந்தக் கேள்வியோடு மட்டும் நிற்கிறவர்கள்தான் அப்புறம் கஷ்டப்படுகிறார்கள். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

முன்பு ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி வந்தால் காலையில் எழுத்துத் தேர்வு, மதியம் ஜி.டி. என்ற குழு விவாதம், சாயங்காலம் ஹெச்.ஆர். இன்டர்வியூ, ராத்திரி ஆடிட்டோரியத்தில் பட்டியல் வாசிப்பார்கள். சிவில் படித்தவன், மெக்கானிக்கல் படித்தவன் என்று பார்க்க மாட்டார்கள். 60 சதவீதம் இருக்க வேண்டும், அரியர் நிற்கக் கூடாது, நாலு வார்த்தை ஆங்கிலத்தில் கோர்வையாகப் பேச வேண்டும், மற்றதை நாங்கள் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். சொன்னபடி மைசூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் கூட்டிப்போய் மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். கரும்பு வெட்டுகிறவர் மகன் பெங்களூரில் வீடு வாங்கியது அப்படித்தான், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

அந்த முறையின் கடைசி உச்சம் 2021-22. கொரோனாவுக்குப் பிறகு எல்லா நிறுவனமும் டிஜிட்டலுக்கு ஓடியது, இருந்த ஆட்களும் அதிகச் சம்பளத்துக்குத் தாவினார்கள். இன்ஃபோசிஸில் மட்டும் ஆட்கள் வெளியேறும் விகிதம் 27 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஒரே நிதியாண்டில் டி.சி.எஸ். ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது, இன்ஃபோசிஸ் 85,000 பேரை. அப்புறம் என்ன ஆயிற்று? 2023-24ல் இன்ஃபோசிஸ் எடுத்தது 11,900 பேர். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து அந்த ஆண்டில் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை 60,000-க்கு மேல் குறைந்தது. டி.சி.எஸ்.ஸில் 2004-ல் பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து அப்படிக் குறைந்தது அதுதான் முதல் தடவை. இடையில், 2023 பிப்ரவரியில், வருஷத்துக்கு 6.5 லட்சம் சம்பளத்துக்கு எடுத்தவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று விப்ரோ கேட்டது செய்தியிலேயே வந்தது.

இங்கே கல்லூரிகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2021-22ன் எண்ணிக்கையைப் பார்த்து கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று சீட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 2024-25 முதல் ஒரு பிரிவுக்கு இத்தனை சீட்தான் என்ற உச்சவரம்பையும் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. வேலை சுருங்குகிற நேரத்தில் அதே வேலைக்குப் படிக்கிறவர்களைப் பெருக்கியிருக்கிறோம்.

இப்போது கம்பெனிகள் எடுக்கும் விதமே வேறு. முதலில் கேமரா கண்காணிப்போடு தேர்வு. ஒரே தேர்வில் எவ்வளவு எடுக்கிறாய் என்பதைப் பொறுத்துச் சம்பளம் மாறும். டி.சி.எஸ்.ஸில் நிஞ்சா என்றால் சுமார் 3.36 லட்சம், டிஜிட்டல் என்றால் 7 லட்சம், பிரைம் என்றால் 9 லட்சத்துக்கு மேல். கீழ்த்தட்டுச் சம்பளம் பத்துப் பதினைந்து வருஷமாக 3 லட்சத்தை ஒட்டியேதான் நிற்கிறது. அந்தக் காலத்தில் அந்தச் சம்பளத்தில் சென்னையில் ரூம் எடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப முடிந்தது. இன்றைக்கு வேளச்சேரியில் பி.ஜி. வாடகை கேட்டுப் பாருங்கள்.

தேர்வு முடிந்ததும் எட்டாவது செமஸ்டரில் இன்டர்ன்ஷிப், அது முடிந்து "பெர்ஃபார்மன்ஸ் பார்த்து" வேலை. அதற்கு முன்பே கிளவுட் சான்றிதழ், ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் எல்லாம் ரெஸ்யூமேயில் இருக்க வேண்டும். முன்னே கம்பெனி தன் காசில் கொடுத்த பயிற்சியை இன்று குடும்பம் தன் காசில் வாங்குகிறது. நான் பார்த்ததில் பெரிய மாற்றம் இதுதான், ஏ.ஐ. எல்லாம் இதற்கு அப்புறம்தான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒருவர், கல்லூரி ஃபீஸ் கட்டியது போக, மகளுடைய கோர்ஸுக்காக அவர் மனைவி பெயரில் மகளிர் குழுவில் லோன் எடுத்தார். அந்த கோர்ஸில் இருந்த பாதிக்கு மேல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய திட்டம், எங்கள் கல்லூரியிலேயே வகுப்பு நடக்கிறது. ஆனால் காசு கட்டினால்தான் வேலை வரும் என்று அந்த அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

விருதுநகர், 2022 பேட்ச்

சார், நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். "ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர்" என்ற விதி.

எனக்குக் கடைசி வருஷத் தொடக்கத்திலேயே ஒரு பெரிய கம்பெனியின் லெட்டர் ஆஃப் இன்டென்ட், அதாவது வேலைக்கு எடுக்க உத்தேசம் என்கிற கடிதம், வந்துவிட்டது. பெயர் வேண்டாம். வந்த அன்றே பிளேஸ்மென்ட் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்கும் உட்கார விடவில்லை. ஜனவரியில் ஒரு சின்ன மதுரை கம்பெனி வந்தது, எனக்குப் பிடித்த வேலை, நேராகப் போய்க் கேட்டேன், "உனக்குத்தான் கிடைச்சிருச்சே, அடுத்தவங்களுக்கு வழி விடு" என்றார்கள். நியாயமாகத்தான் தோன்றியது. என் தோழி அதில் சேர்ந்தாள், ஜூன் மாதமே சம்பளம் வாங்கினாள்.

எனக்கு ஜாயினிங் தேதி வரவே இல்லை. மெயில் அனுப்பினால் ஒரே பதில், "பிசினஸ் தேவையைப் பொறுத்துத் தெரிவிக்கப்படும்." அப்புறம் திடீரென்று இன்னொரு தேர்வு வைத்தார்கள், அதில் பாஸானால்தான் வேலையில் சேர்ப்போம் என்று. பாஸானேன், அதற்குப் பிறகும் தேதி இல்லை. வீட்டில் ஆஃபர் வந்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்திருந்தார் அப்பா. கல்யாண வீடுகளுக்குப் போவதை அம்மா நிறுத்திவிட்டார், யாராவது "பொண்ணு எப்போம்மா சேருது?" என்று கேட்பார்கள் என்பதற்காக. நான் சிவகாசியில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் கணக்கு எழுதினேன், ஆறாயிரம் சம்பளம். கல்லூரி வழியாக இல்லாமல் ஆஃப் கேம்பஸில் நானே முயன்றால் "2022 பேட்சா, இடைவெளி ஏன்?" என்று கேட்டார்கள். கையில் ஆஃபர் இருக்கிறது என்றால் நம்பவும் இல்லை.

2024-ல் வேறு ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் சேர்ந்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன். பழைய கம்பெனி மேல் கோபம் இருக்கிறதுதான். ஆனால் அதைவிடக் கல்லூரியிடம்தான் கேட்கத் தோன்றுகிறது: சேரும் தேதி இல்லாத ஒரு காகிதத்தை எப்படி வேலை என்று கணக்கில் எழுதினீர்கள்? அந்த வருஷத்து விளம்பரப் பலகையில் 'வேலை பெற்றவர்கள்' வரிசையில் என் போட்டோவும் இருந்தது.

சென்னை ஓ.எம்.ஆர்., டீம் லீட்

நான் எதிர்ப்பக்கம், கேம்பஸ் இன்டர்வியூ எடுக்கிறவன். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஜி.சி.சி., அதாவது அந்த நிறுவனம் தன் வேலைகளுக்காகவே இங்கே நடத்துகிற மையம். இந்த மாதிரி மையங்கள் சென்னையில் பெருகிக்கொண்டே போகின்றன. சம்பளம் நன்றாக இருக்கும், ஆனால் மொத்தமாக ஆயிரக்கணக்கில் எடுக்க மாட்டோம். கிண்டி, பி.எஸ்.ஜி., திருச்சி என்.ஐ.டி. என்று சில இடங்களுக்குப் போய்ப் பத்துப் பேரை இன்டர்னாக எடுத்து, அதிலிருந்து பொறுக்குவோம். நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் படிக்கிற கல்லூரிகளின் வாசலுக்கே நாங்கள் வருவதில்லை என்பதுதான் உண்மை.

ஏ.ஐ. எல்லாம் அப்புறம்தான் என்று ஈரோடு சார் எழுதியிருக்கிறார், நான் பார்ப்பதைச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஒரு வருஷம் என்ன வேலை கொடுப்போம்? டெஸ்ட் கேஸ் எழுது, சின்னச் சின்ன பக் சரி செய், சப்போர்ட் டிக்கெட்டைப் பார், டாக்குமென்ட் எழுது. இதைச் செய்துதான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். இதே வேலைகளைத்தான் இப்போது டூல் வைத்து ஒரு சீனியர் மத்தியானத்துக்குள் முடிக்கிறார். அதனால் பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது ஃபிரஷர் எண்ணிக்கை. இன்றைக்கு யாரையும் எடுக்காவிட்டால் ஐந்து வருஷம் கழித்து அனுபவம் உள்ளவன் எங்கிருந்து வருவான் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். எல்லாரும் சரிதான் என்று தலையாட்டுகிறார்கள், ஆனால் அந்தக் காலாண்டின் கணக்கு வேறாக இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

இன்னொரு பக்கம், ஆன்லைன் சுற்றில் பதில் வாசிக்கிறவர்கள். கேள்வி கேட்டதும் "கேட்கவில்லை சார், திரும்பச் சொல்லுங்க" என்பார்கள், கண் பக்கவாட்டில் போகும், பிறகு புத்தகம் மாதிரி பதில் வரும். "ஏன் இந்த இடத்தில் ஹேஷ் மேப் போட்டாய்?" என்று கேட்டால் அதோடு சரி. அதனால் கடைசிச் சுற்றை நேரில் வைக்கிறோம், பேப்பரும் பேனாவும் கொடுத்து. சென்னைக்கு பஸ் பிடித்து வர வேண்டிய பிள்ளைக்கு இதுவும் செலவுதான், தெரியும்.

பிராஜெக்ட் சென்டரில் வாங்கிய ஃபைனல் இயர் பிராஜெக்ட்டை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஆஃப் கேம்பஸில் ஒரு பெண் வந்தாள். அவள் பிராஜெக்ட் அவர்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குக் கணக்கு. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருந்தது. கொழுப்பு அளவை எந்த இடத்தில் ரவுண்ட் செய்கிறோம் என்பதைப் பொறுத்துப் பட்டுவாடா அன்று பில்லில் ரூபாய் மாறுகிறது, அதை யாருடைய நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பிடித்தாள், எப்படிச் சரி செய்தாள் என்று அரை மணி நேரம் சொன்னாள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது, நான்தான் தமிழிலேயே சொல்லும்மா என்றேன். எடுத்துக்கொண்டோம். இன்றைக்கு எங்கள் பில்லிங் மாட்யூலில் குழப்பம் வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறோம்.

ஒரகடம், மெக்கானிக்கல்

எல்லாரும் ஐ.டி. பற்றியே எழுதுகிறீர்கள். மெக்கானிக்கல் மாதிரியான கோர் பக்கம் நிலைமை இது: வேலைக்கு எடுப்பதில்லை, அப்ரன்டிஸாக எடுக்கிறார்கள். நான் மத்திய அரசின் நாட்ஸ் என்ற அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்து ஒரு வருஷம் இருந்தேன். நான் சேர்ந்தபோது பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000, அதில் பாதியை மத்திய அரசு தரும். கம்பெனி பஸ், கேன்டீன் உண்டு, படப்பையில் நாலு பேர் சேர்ந்து ரூம். மெஷினை இயக்குகிற பி.எல்.சி. கன்ட்ரோலர், ரோபோ வெல்டிங் எல்லாம் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டேன், நாலு வருஷக் கல்லூரியில் அது கிடைக்கவில்லை. ஆனால் வருஷம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச்சை எடுத்துக்கொண்டார்கள். அதே லைன், அதே வேலை, ஆள் மட்டும் வேறு. சேர்வதற்கு முன்னால் போன வருஷ அப்ரன்டிஸ்களில் எத்தனை பேரைக் கம்பெனியின் நேரடி வேலையில் எடுத்தார்கள் என்று உள்ளே இருக்கிறவர்களிடம் விசாரியுங்கள்.

திருப்பூர், ஒரு அப்பா

என் பையனுக்கு கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம் பாண்ட், நடுவில் போனால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், டிகிரி ஒரிஜினலையும் அவர்களிடம் கொடுத்துவைக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. கையெழுத்துப் போடலாமா?

ஈரோடு, பிளேஸ்மென்ட் அலுவலர்

அண்ணா, ஒரிஜினலைக் கொடுக்க வேண்டாம். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அங்கே மாட்டிக்கொண்டால் வேறு வேலைக்கோ மேல்படிப்புக்கோ போக முடியாமல் பையன் தவிப்பான். எங்கள் பிள்ளைகளை எடுக்க வருகிற கம்பெனி இதைக் கேட்டால் நான் அந்த ஆள்தேர்வு டிரைவையே நிறுத்திவிடுவேன்.

பாண்ட் செல்லாது என்று சிலர் சாதாரணமாகச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க அவர்களுக்கு ஆகும் செலவையும் கோர்ட் பார்த்தது. எல்லாத் தனியார் பாண்டுக்கும் அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டால் அதற்கு எடை உண்டு என்று நினைத்தே போடுங்கள். பயிற்சி எத்தனை மாதம், அதில் முழுச் சம்பளமா, பாண்ட் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, கம்பெனியே அனுப்பிவிட்டால் பணம் கட்ட வேண்டுமா, இவற்றைப் பையனை மெயிலில் கேட்கச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும். டெபாசிட் என்று முன்பணம் கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

விருதுநகர்த் தங்கச்சி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் இப்போது சேரும் தேதி எழுத்தில் வரும் வரை அந்த மாணவரை மற்ற டிரைவ்களில் உட்கார அனுமதிக்கிறோம். இதனால் இரண்டு கம்பெனிகள் எங்களிடம் வருத்தப்பட்டன, ஒன்று இந்த வருஷம் வரவே இல்லை. நிர்வாகத்திலும் கேள்வி கேட்டார்கள். இருந்தாலும் விதியை மாற்றுவதாக இல்லை. மற்ற கல்லூரிகளில் இந்த வேலை பார்க்கிறவர்கள் இங்கே இருந்தால், உங்களிடம் விதி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து சொன்னால் கம்பெனிகளும் தேதி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.