கனடா குடியுரிமை வாங்கியாச்சு. இந்தியப் பாஸ்போர்ட்டில் ஊருக்கு வரலாமா?

கேள்வி: அக்கா போன மாதம் கனடா குடியுரிமை உறுதிமொழி எடுத்துட்டாங்க. இந்தியப் பாஸ்போர்ட் 2029 வரை செல்லும். தம்பி கல்யாணத்துக்கு அதிலேயே சென்னை வரலாமா? அப்பா பேரில் இருக்கும் வயல் அக்காவுக்கு வருமா?

பதில் 1: கூடவே கூடாது. 1955 குடியுரிமைச் சட்டம் 9-ஆம் பிரிவுப்படி, வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதுமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். பாஸ்போர்ட்டில் தேதி மிச்சமிருப்பதால் ஒன்றும் ஆகாது. அதில் பயணம் செய்தால் அபராதம். 3 ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருந்தாலும் அபராதம்.

பதில் 2: வரிசை மாறக் கூடாதுங்க. முதலில் கனடா பாஸ்போர்ட், பிறகு பழையதை ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ், அப்புறம்தான் ஓசிஐ (வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக இந்திய அரசு தரும் அட்டை). பெயரை நன்றாகப் பாருங்கள். பழையதில் அப்பா பெயர் முன்னால், புதியதில் பின்னால் என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கல்யாணம் நெருங்கிவிட்டால் ஓசிஐக்குக் காத்திராமல் கனடா பாஸ்போர்ட்டில் விசா எடுத்து வரட்டும்.

பதில் 3: வயல் பற்றி: ஓசிஐ இருந்தாலும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. ஆனால் விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். ஓட்டுரிமையும் கிடையாது.