புதுப்பிப்பு: முனைவர் பட்ட விண்ணப்பம் நேர்முகம் வரை வந்திட்டுது

ஜெர்மனியில் வரலாற்றுத்துறை முனைவர் பட்ட இடமொன்றுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிக்கலாமா, ஆய்வுத்திட்டம் எப்படி எழுதுவது என்று முன்பு கேட்டிருந்தேன். போன கிழமை அழைப்பு வந்தது, நேற்று சூமில் நேர்முகம் முடிந்தது.

‘ஈழத்துத் தமிழ் இதழியல்’ என்ற பரந்த தலைப்பைக் குறுக்கச் சொன்ன அக்காவுக்கு முதல் நன்றி. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழின் முதற் பத்தாண்டுச் சமய விவாதங்கள் என்று சுருக்கினேன்.

நேர்முகத்தில் அரைவாசி நேரம் மூலங்களைப் பற்றியே போனது. 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஊரிலிருந்து போகிறவரிடம் அதைக் கேட்கத்தான் வேணும். எண்ணிம நூலகமான ‘நூலகம்’ இணையத்தளத்தில் எது கிடைக்கும், ஹார்வர்டின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கும் அந்த மிஷனின் ஆவணங்களில் எது வேணும் என்று ஒரு பக்க அட்டவணை இணைத்திருந்தேன். ஒரு பேராசிரியர் அதைத் திரையில் திறந்துவைத்து வரிவரியாகக் கேட்டார். எனக்கு நல்ல சந்தோசம்.

காசு பற்றிக் கனபேர் கேட்டீர்கள். அங்கே இப்படியான இடங்கள் பெரும்பாலும் சம்பளத்தோடு வரும் வேலை ஒப்பந்தங்கள்தான், முழுநேர வேலையின் 65% அளவுக்கு ஒப்பந்தமும் அதற்கேற்ற சம்பளமும் என்பது சாதாரணம்.

முடிவு அடுத்த மாதம் வரும். அட்டவணை வேணுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கோ, அனுப்பிவிடுறன்.