புதுப்பிப்பு: ஆலையில் காது சோதனை செய்யும் பயிற்சி முடிந்தது

நூற்பாலை நர்ஸான நான் தொழிலாளர்களின் செவித்திறனைச் சோதிக்கப் பயிற்சி எடுக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன், நம்மால் முடிகிற வேலைதான்.

ஹெட்ஃபோனில் ஒலி கொடுத்து, கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லிச் சோதிக்கும் மெஷின் சீக்கிரம் பிடிபட்டுவிடும். 1000 ஹெர்ட்ஸ் சுருதியில் தொடங்கி, கேட்டால் சத்தத்தை 10 டெசிபல் இறக்கி, கேட்காவிட்டால் 5 ஏற்ற வேண்டும், அதையும் ஒரே தாளத்தில் கொடுத்தால் ஆள் ஒலி கேட்காமலே பட்டனை அழுத்திவிடுவார். அதற்கு முன்னால் செய்வதில்தான் கவனம் வேண்டும்: காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா பார்க்கணும், கம்மலைக் கழற்றச் சொல்லணும். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வருபவரைச் சோதிக்கவே கூடாது, இரைச்சலில் தற்காலிகமாக மந்தமான காது தப்பான கணக்கைக் காட்டும். முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

பயிற்சியில் ஸ்பின்னிங் பிரிவு அக்கா ஒருவரைச் சோதித்தேன். "எனக்கு நல்லாத்தான் கேக்குது கண்ணு" என்றார். ஆனால் கேட்கும் திறனைத் தாளில் காட்டும் கோடு 4000 ஹெர்ட்ஸில் சட்டென்று இறங்கி, 8000இல் மேலே ஏறியது. இரைச்சல் காதைத் தின்பது அப்படித்தான் தெரியும். போனது திரும்பாது என்பதால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பேச்சே வரவில்லை.

நோயை முடிவு செய்வது நம் வேலையில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரைச்சலால் காது கேளாமல் போவது சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சரி, இனி ஆலைக்குள் அமைதியான ஓர் அறை தேடணும்.